முந்திக்கொண்ட சத்தம்

பாப்பாவின் கையிலிருந்து டம்ளர் நழுவுவதற்கு முன்பே அது விழுந்த சத்தம் கேட்டுவிட்டது.

அம்மா அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் 'ணங்' என்று ஒரு சத்தம். திரும்பினாள். டம்ளர் அப்போதுதான் பாப்பாவின் விரல்களை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. தரையில் பட்டது, எகிறியது, தண்ணீரைச் சிதறிக்கொண்டு மேஜைக் காலுக்கடியில் போய் முட்டி நின்றது. பஞ்சுமேல் விழுந்ததுபோல ஒரு சின்ன ஓசைகூட இல்லை. பாப்பா, திட்டு விழுமோ என்று அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். ஒரு வாரமாகக் கம்ப்யூட்டர் முன்னாலேயே பழியாய்க் கிடந்தால் இப்படித்தான் ஆகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, துணியால் தரையைத் துடைத்தாள்.

அவள் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அடுத்தவர் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. பாப்பாவுக்காகக் கற்றுக்கொண்டது, பிறகு பிழைப்பாகவும் ஆகிவிட்டது. பாப்பாவுக்குப் பிறவியிலேயே காது மந்தம். காதில் மெஷின் மாட்டினால் பக்கத்தில் பேசுவது மங்கலாகக் கேட்கும். கழற்றிவிட்டால் இடி இடித்தாலும் திரும்ப மாட்டாள். பாப்பாவின் அப்பாவுக்குக் கப்பலில் வேலை, மாதக்கணக்கில் கடல்தான். வீட்டில் இவர்கள் இருவர் மட்டும்.

பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு டீச்சர் இல்லை. அதனால் பாடங்களை வீடியோவாக எடுத்து வீட்டுக்கே அனுப்பலாம் என்று பெரிய டீச்சர் யோசனை சொல்ல, அவள்தான் கேமரா முன்னால் உட்கார்ந்தாள். திரை நிறைய அவள் முகம். எழுத்து எழுத்தாக, சொல் சொல்லாக, உதட்டை நன்றாகக் குவித்தும் விரித்தும் பேசினாள். எடுத்தது அருமையாக வந்திருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து வெட்டி ஒட்டும்போதுதான் வினை.

கம்ப்யூட்டர் பழையது. அதிலிருந்த ஆபரேட்டிங் சிஸ்டம் மூச்சு வாங்குகிறது என்று அவள் தம்பி அதை எடுத்துவிட்டு, காசில்லாமல் கிடைக்கிற வேறொன்றைப் போட்டுக் கொடுத்திருந்தான். மற்றதெல்லாம் பறந்தது. வீடியோ மட்டும் நொண்டியது. நொண்டினால்கூடப் பரவாயில்லை, கிழிந்தது. திரையில் அவள் முகத்தின் நடுவே, மூக்குக்குக் கீழே, பிளேடால் கீறியதுபோல ஒரு கோடு விழும். கோட்டுக்கு மேலே இருக்கும் முகம் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும். கீழே இருக்கும் முகம் அதற்குள் பேச ஆரம்பித்திருக்கும். மேலுதடு ஒரு நொடியிலும் கீழுதடு அடுத்த நொடியிலும். சத்தமோ இரண்டுக்கும் பின்னால், வழி தவறியவன் மாதிரி தள்ளாடிக்கொண்டு வரும்.

மற்றவர்களுக்கு இது எரிச்சலோடு போகும். உதட்டைப் படிக்கிற பிள்ளைக்கு அப்படியில்லை. 'பாப்பா' என்றாலும் 'மாமா' என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டித் திறக்கும். மெஷினில் கேட்கிற அந்தக் கொஞ்சூண்டு சத்தம் சரியான நேரத்தில் வந்து சேர்ந்தால்தான் எது என்று பிடிபடும். ஒரு வகுப்பில் போட்டுப் பார்த்தபோது பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். கடைசி பெஞ்சில் ஒருத்தி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டாள்.

"திங்கட்கிழமை ஆபீசருங்க எல்லாரும் பார்க்க வராங்க. அன்னைக்கும் இப்படியே வந்துச்சுன்னா இந்தத் திட்டத்தையே தூக்கிடுவாங்கம்மா. அப்புறம் அந்தப் பிள்ளைங்களுக்கு யாருமே கிடையாது" என்றார் பெரிய டீச்சர்.

அந்த வாரம் முழுக்க அவள் முயன்றாள். பிளேயரை மாற்றினாள், அப்டேட் போட்டாள், அணைத்து அணைத்துப் போட்டாள், யார் யாரோ எழுதியிருந்ததையெல்லாம் தேடிப் படித்தாள். சோறு ஆறிப்போனது. கண் எரிந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அழாக்குறையாகத் தம்பிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, ஸ்கிரீன் ஒரு படத்தை வரைஞ்சு முடிக்கறதுக்குள்ள, உள்ள இருந்து படம் அனுப்பற கார்டு அடுத்ததைக் கொண்டுவந்து தலையில கொட்டுது. அதான் கிழியுது. ஒண்ணு முடியற வரைக்கும் இன்னொண்ணைக் காத்திருக்கச் சொல்லணும்."

"சொல்லேன்டா."

"நான் சொல்றேன், நீ டைப் பண்ணு. ஒரு புள்ளி விட்டாலும் போச்சு."

அவன் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். திரை ஒருமுறை கறுத்து, திரும்பி வந்தது. வீடியோவை ஓடவிட்டாள். முகம் எண்ணெய் பூசியதுபோல வழுக்கிக்கொண்டு ஓடியது. கோடு இல்லை. உதறல் இல்லை.

"சத்தம் மட்டும் இன்னும் பின்னாலயே வருதுடா."

"அது ஸ்பீக்கருக்குப் போற வழியில தேங்குது. சத்தத்தோட நேரத்தை மைனஸ்ல போட்டு முன்னால இழு. கொஞ்சம் கொஞ்சமா. ரொம்ப இழுத்துடாத."

இழுத்தாள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். ஒரு இடத்தில் உதடும் சத்தமும் பூட்டும் சாவியும் மாதிரி 'க்ளிக்'கென்று பொருந்திக்கொண்டன. அவளுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. பாப்பாவைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தாள். அதுவரை அந்தத் திரையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட பிள்ளை, வாயைப் பிளந்து பார்த்தது. "மா…மா" என்றது. "பா…ப்பா" என்றது. ஒன்றுகூடத் தப்பவில்லை. அவள் பாப்பாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

மறுநாள் காலையில்தான் டம்ளர் விழுந்தது.

தரையைத் துடைத்துவிட்டு எழுந்தவள், சும்மா ஒரு விளையாட்டுப்போல இரண்டு கையையும் தட்டிப் பார்த்தாள். சத்தம் முதலில் வந்தது. உள்ளங்கைகள் பிறகு சேர்ந்தன. மறுபடி தட்டினாள். மறுபடியும் அப்படியே. தோட்டத்துக் குழாயைத் திறக்கப் போனால் கை அதைத் தொடுவதற்கு முன்பே வாளிக்குள் தண்ணீர் கொட்டும் ஓசை. எதிர்வீட்டு நாய் குரைத்து முடித்த பிறகு வாயைத் திறந்து திறந்து மூடியது. முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்புச் சத்தம் காதில் கேட்டு, அதற்கப்புறம் தன் வாய் சிரித்தபோது, சிரிப்பு அப்படியே உறைந்துபோனது.

போனை எடுத்தாள்.

"காதுல தண்ணி கிண்ணி போயிருக்கும்க்கா" என்றான் தம்பி. அவள் எதுவுமே கேட்பதற்குள்.

"நான் கேக்கறதுக்கு முன்னாடியே பதில் சொல்றியேடா!"

"நீ கேட்டே, நான் சொன்னேன். என்னக்கா ஆச்சு உனக்கு? நல்லாத் தூங்கினியா?"

"இதை எடுத்துடு. நேத்து பண்ணினதையெல்லாம் எடுத்துடு."

"சரியா வந்ததை எதுக்கு நோண்டற? திங்கட்கிழமை முடியட்டும்."

அவள் காத்திருக்கவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டு, சத்தத்தின் நேரத்தைப் பழையபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். வீடியோவில் சத்தம் பின்தங்கியது. அவளைச் சுற்றி எதுவும் மாறவில்லை. மறுபக்கம் இழுத்துப் பார்த்தாள். முந்தின நாள் தட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தாள். முகத்தில் மறுபடி கோடு விழுந்தது, மூக்குக்குக் கீழே, கிழிந்த முகம் கிழிந்தபடி பேசியது. கைதட்டிப் பார்த்தாள். இடைவெளி கூடியிருந்தது. சத்தம் கேட்டபின் கைகள் சேர, இப்போது ஒரு முழு மூச்சு விடும் நேரம் ஆனது. பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். பிளக் சுவரில் மோதிய சத்தம், அவள் அதைப் பிடுங்கக் குனிவதற்கு முன்னாலேயே கேட்டிருந்தது.

அதைவிட மோசமானது, அவளுடைய குரல்.

முதலில் காதில் கேட்கும். அவள் குரல்தான், சந்தேகமே இல்லை. பிறகு வாய் அதையே சொல்லும். "பாப்பா, செருப்பைக் கழட்டு" என்று கேட்டது. பாப்பா வெறுங்காலோடுதான் படம் வரைந்துகொண்டிருந்தாள். சற்று நேரத்தில் பாப்பா எழுந்துபோய் செருப்பை மாட்டிக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள். சொல்ல மாட்டேன் என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். சொல்லாவிட்டால் என்ன ஆகிவிடும், பார்த்துவிடலாம். யாரோ தாடையைப் பிடித்து இறக்குவதுபோல இருந்தது. வலிக்கவில்லை. மென்மையாக, பழக்கப்பட்ட கைபோல. வாய் திறந்தது, நாக்கு புரண்டது, உதடுகள் குவிந்தன. சத்தமே இல்லாமல் அவள் வாய் சொல்லி முடித்தது. பாப்பா அதைப் பார்த்துவிட்டு, சமர்த்தாகச் செருப்பைக் கழற்றி வைத்தாள்.

சத்தம் முன்னால் போய்விட்டது. உடம்பு அதைத் துரத்திப் பிடித்துப் பொருந்திக்கொள்கிறது. இதை யாரிடம் சொல்வது? கீழ்த்தெரு டாக்டரிடமா? அவர் கேட்பதும் அவள் சொல்வதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கந்தலாகிவிடுமே. காதில் பஞ்சை அடைத்துப் பார்த்தாள். சத்தம் மட்டுப்படக்கூட இல்லை. இடைவெளி மட்டும் நேரம் ஆக ஆக நீண்டுகொண்டே போனது.

மத்தியானம், முற்றத்தில் சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது மழைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. சிமெண்டுத் தரை தகதகவென்று மின்னியது. அந்த வெயிலுக்குள் எங்கிருந்தோ சோவென்று கொட்டியது மழை, ஓட்டுக் குழாயில் திரண்டு தடதடத்தது, வாசல் பள்ளத்தில் சளசளத்தது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகமில்லை. ஈரத் தரையின் வாசனைக்காக மூக்கு தன்னையறியாமல் காத்திருந்தது. வெந்த சிமெண்டின் நெடிதான் வந்தது.

மழைக்கு நடுவில் அவளுடைய குரல் கேட்டது. அழுகை கலந்து, மூச்சு முட்ட.

"வராத. சொன்னாக் கேளுடா, வராத. எங்க இருக்கியோ அங்கேயே இரு."

அதன் பிறகு தம்பியின் குரல், போனுக்குள்ளிருந்து பேசும் குரல். "அழாதக்கா. என்னக்கா ஆச்சு? பாப்பா எங்க? பயப்படாத, இதோ வரேன். இப்பவே கிளம்பிட்டேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. யாரை வர வேண்டாம் என்கிறாள்? எதற்கு? போன் மேஜைமேல் அணைந்து கிடந்தது. பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கப்பலுக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டு.

அவள் காத்திருந்தாள். கேட்பதைத் தவிர வேறென்ன செய்ய? கதவு சாத்தும் ஓசை. சாவி. செருப்புகள் தண்ணீரில் மிதிக்கும் ஓசை, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. வெகுநேரம் நடை. பிறகு மழையின் குரல் மாறியது. கனத்து, தகரத்தைப் போட்டு அடிப்பதுபோல, பேச்சே கேட்காத அளவுக்கு. அதற்குள்ளிருந்து, அடித்தொண்டையிலிருந்து வராமல் நுனி நாக்கிலிருந்து வரும் அவளுடைய வகுப்புக் குரல், இனிமையாக, நிறுத்தி நிறுத்தி:

"மாமா வந்தாச்சு பாரு. ஓடு. மாமாகிட்ட ஓடு."

உடனே பிரேக் சத்தம். ஈர ரோட்டில் டயர் வழுக்கிக்கொண்டே போகும் அந்த நீண்ட கீச்சொலி. ஒரு மோதல். பெரிய சத்தம்கூட இல்லை. மெத்தையைத் தரையில் போட்டதுபோல. பிறகு ஒரு அலறல். பாப்பாவின் பேரைச் சொல்லி. அவளுடைய அலறல். தூரத்தில் தம்பி, "ஐயோ… அக்கா… ஐயோ…" என்று.

அத்தோடு எல்லாம் நின்றுவிட்டது.

மழை நின்றது. குரல்கள் நின்றன. அறையில் மின்விசிறி சுற்றியது, ஓசையில்லை. அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள், ஓசையில்லை. காதுக்குள் எப்போதும் இருக்கும் அந்த மெல்லிய ரீங்காரம்கூட இல்லை. இனிமேல் கேட்பதற்கு ஒன்றுமே கிடையாது என்பதுபோல.

பாப்பாவை வாரி எடுத்தாள். நீலக் கலர் பென்சில் உருண்டு போனது. பிள்ளையின் கன்னம், கழுத்து, முடியில் இருந்த எண்ணெய் வாசனை, விலா எலும்புக்குள் படபடக்கும் சின்ன இதயம். இருக்கிறாள். இன்னும் இருக்கிறாள். எவ்வளவு நேரம்? தெரியாது. ஜன்னலுக்கு வெளியே வெயில் மங்கிக்கொண்டு வந்தது. கிழக்கே ஒரு மேகம் எழுந்து நின்றது.

மாமாகிட்ட ஓடு. அப்படியென்றால் தம்பி வரக் கூடாது. அவ்வளவுதான். அவன் வராவிட்டால் ஒன்றும் நடக்காது. எவ்வளவு சுலபம்! அவள் போனை எடுத்து அவன் எண்ணை அழுத்தி, திரையில் நேரம் ஓட ஆரம்பித்ததும், அவன் எடுத்துவிட்டான் என்று தெரிந்ததும், பேசினாள். தன் பேச்சு தனக்கே கேட்கவில்லை. தொண்டை அதிர்வது மட்டும் தெரிந்தது. கண்ணீர் வாய்க்குள் இறங்கி உப்புக் கரித்தது.

பாதி வாக்கியத்தில்தான் உறைத்தது. உதடுகள் சொல்லிக்கொண்டிருந்தது என்னவென்று.

சொன்னாக் கேளுடா, வராத. எங்க இருக்கியோ அங்கேயே இரு.

அவன் என்ன பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

போன் கட்டானது. மெசேஜ் அடித்தாள். 'வராதே. உன் கால்ல விழறேன். வராதே.' மறுபடி அடித்தாள். மறுபடி. ஒன்றே ஒன்று பதில் வந்தது: 'வண்டியில் இருக்கேன். பயப்படாதே அக்கா.'

அப்படியானால் வீட்டில் இருக்கக் கூடாது. அவன் இங்கேதான் வருவான். இங்கே நாம் இல்லாவிட்டால்? பாப்பாவின் காதிலிருந்து மெஷினைக் கழற்றித் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். மழையில் நனைந்தால் அது கெட்டுவிடும். பாப்பா அவள் முகத்தைப் பார்த்தாள். 'எங்க?' என்று உதட்டை மட்டும் அசைத்தாள். அம்மா குனிந்து செருப்பை மாட்டிவிட்டாள்.

கதவைச் சாத்தினாள். பூட்டினாள். இரண்டும் கேட்டுவிட்ட சத்தங்கள் என்று மண்டையில் ஏதோ சொன்னது. அதை உதறிவிட்டு நடந்தாள்.

தம்பி பெரிய ரோடு வழியாகத்தான் வருவான், எப்போதும் அப்படித்தான். அவள் எதிர்ப்பக்கம், பழைய மில் சுவரை ஒட்டிய தெருவில் திரும்பினாள். மழை தொடங்கியது. சத்தமில்லாத மழை. துளிகள் ரோட்டில் விழுந்து தெறித்தன, மரங்கள் குனிந்து நிமிர்ந்தன, ஒரு தகரப் பலகை காற்றில் பட்பட்டென்று அடித்துக்கொள்வது கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஊரை யாரோ காட்டுவதுபோல. கடைக்காரர் ஒருவர் கையை ஆட்டி என்னவோ கூப்பிட்டுச் சொன்னார். உதட்டைப் படித்தாள். 'குழந்தை நனையுதும்மா.' அவள் நிற்கவில்லை. பாப்பாவின் கை அவள் கைக்குள் ஈரமாக, மீன்குஞ்சுபோல வழுக்கிக்கொண்டே இருந்தது. இறுக்கிப் பிடித்தாள். பாப்பா முகம் சுளித்தாள்.

ஒரு பஸ் வந்தால் போதும். எந்த ஊருக்குப் போகிற பஸ்ஸானாலும் சரி.

தெரு ஒரு வளைவுக்குப் பக்கத்தில் பைபாஸ் ரோட்டில் போய் முட்டியது. அங்கே ஒரு பஸ் நிறுத்தம். ஓடிப்போய் உள்ளே நின்றாள். பாப்பாவைச் சிமெண்டு பெஞ்சின்மேல் ஏற்றினாள். முடியைத் துவட்டினாள். மூச்சு வாங்கியது. இங்கே யாரும் வர மாட்டார்கள். இங்கே யாருக்கும் தெரியாது. தலைக்கு மேலே பார்த்தாள்.

கூரை தகரம்.

துருப்பிடித்த, நெளிந்த தகரம். மழை அதன்மேல் விழுந்து விழுந்து அது நடுங்கிக்கொண்டிருந்தது. விளிம்பில் தண்ணீர் கயிறு கயிறாகத் தொங்கியது. தகரத்தைப் போட்டு அடிப்பதுபோல. பேச்சே கேட்காத அளவுக்கு.

ஓடு. இங்கிருந்து ஓடு. பாப்பாவின் இடுப்பைப் பிடித்து இறக்கினாள். இரண்டடி வைப்பதற்குள் ரோட்டின் அந்தப் பக்கத்தில் ஒரு கார் வந்து ஓரங்கட்டியது. வெள்ளைக் கார். முன் கண்ணாடியில் துடைப்பான் இப்படியும் அப்படியும். பெரிய ரோட்டில் தண்ணீர் தேங்கியிருக்கும், சுற்றிக்கொண்டு வந்திருக்கிறான், வழியில் இவர்களைப் பார்த்துவிட்டான். கதவைத் திறந்துகொண்டு தம்பி இறங்கினான். கையைத் தூக்கி ஆட்டினான்.

பாப்பா அவனைப் பார்க்கவில்லை. ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் ஏதோ சரியில்லை. என்னவென்று சொல்லும் இடம் ஒன்றுதான். வாயைப் பார்த்தாள்.

அம்மா ஒரு கையால் வாயைப் பொத்தினாள்.

உள்ளங்கைக்குள் உதடுகள் அசைந்தன. மெல்ல. தெளிவாக. வகுப்பில் சொல்வதுபோல, நிறுத்தி நிறுத்தி. அவள் கடித்தாள். ரத்தம் வந்தது. கடித்த பற்களுக்கு நடுவிலேயே அவை ஒட்டின, பிரிந்தன. ஒட்டின, பிரிந்தன.

பாப்பா அந்தக் கையை இழுத்தாள். அம்மா என்னவோ சொல்கிறாள். மறைத்துக்கொண்டு சொல்கிறாள். பாப்பாவின் முகம் அழுகைக்குக் கோணியது. இன்னொரு கையையும் அம்மாவின் பிடியிலிருந்து உருவிக்கொண்டாள். ஈரம். உருவிக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு கையாலும் விரல்களைப் பிரித்தாள். ஒவ்வொன்றாக.

வேண்டாம்டி. பாக்காத. என்னைப் பாக்காத.

உதடுகள் அதைச் சொல்லவில்லை.

பாப்பா படித்தாள். 'மாமா' என்றா, 'பாப்பா' என்றா? ஒரு கணம் புருவம் சுருங்கியது. உதட்டில் இரண்டும் ஒன்றுதான். மெஷின் இல்லை. அந்த ஒரு கணம் அம்மாவுக்குள் உயிர் வந்தது. புரியாமல் போகட்டும். கடவுளே, இந்தப் பிள்ளைக்கு இது புரியாமல் போகட்டும்.

பாப்பா தலையைத் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம், மழைக்குள், கையை ஆட்டிக்கொண்டு மாமா.

முகம் மலர்ந்தது.

அம்மாவின் கைகள் நீண்டன. சட்டை விரல் நுனியில் பட்டது. பட்டு, போனது.

அவள் கத்தினாள். வாய் கிழியக் கத்தினாள். தொண்டை நரம்பு புடைக்கப் பேரைச் சொல்லிக் கத்தினாள். கத்துகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. தெரிந்தும் பயனில்லை. பாப்பாவுக்கு முதுகு இந்தப் பக்கம். கத்துகிற வாய் அவள் முதுகுக்குப் பின்னால்.

அந்தப் பக்கம் தம்பியின் ஆட்டும் கை பாதியில் நின்றது. அவன் வளைவைப் பார்த்தான்.

மழைக்குள்ளிருந்து இரண்டு விளக்குகள் திரும்பின. அவற்றுக்குப் பின்னால் லாரியின் நெற்றி. சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கின. தண்ணீர் இரண்டு பக்கமும் சிறகுபோல எழுந்தது. துளிச் சத்தமில்லை. ரோட்டின் நடுவில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, ஈரச் சட்டை முதுகோடு ஒட்ட, அந்தச் சின்ன முதுகு ஓடிக்கொண்டிருந்தது.